பாப்பா தெரு

பாப்பா,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் இங்கே நல்லா இருக்கோம். அடுத்து நீ எப்படி இருக்கேன்னு கேட்டு எழுதணும், அதான் முறை. கை அந்த இடத்துல நின்னுடுச்சு. அதை விட்டுட்டு மேலே எழுதறேன்.

எதிர்வீட்டு வஜீஹாதான் சொன்னா, வாயால வரலைன்னா எழுதிப் பாருங்கக்கான்னு. உன் காரியத்துக்கு வந்தவங்க எல்லாரும் அழுதுடு, அழுதுடுன்னு சொல்லிட்டுப் போனாங்க. வரலை. பால்காரர் இன்னும் மூணு பேருக்குத்தான் பாக்கெட் போடறார். குறைச்சுக்கோன்னு சொல்லணும், சொல்லலை. எல்லாத்தையும் காய்ச்சிடறேன். மீந்தது தயிராவுது, தயிரும் மீந்துபோவுது. அப்பா டிவில சத்தத்தை வைக்காம செய்தி பார்க்கறார். இன்னா செய்தின்னு கேட்டா தெரியலைங்கறார்.

ஒரு சேதி இருக்கு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம்ம தெருப் பேரை மாத்தறாங்க.

பலகை வச்ச கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கே, ஒவ்வொரு தடவையும் கோவிச்சுக்கினே. இன்னொரு தடவை கேட்டுக்கோ. அப்போ இது வெறும் பஞ்சாயத்து. ஆதம்பாக்கம் தாண்டினா ரோடு கிடையாது. ஏரித்தண்ணி பாயற வயலைத்தான் மனை போட்டு வித்தாங்க. நம்ம தெருவுல நாலே வீடு. பாம்பு வரும், பஸ் வராது. பேர் இல்லாத தெருவுல லெட்டரை யார்கிட்ட குடுக்கறதுன்னு தபால்காரர் சண்டை போட்டார். அதுக்கப்புறம்தான் பஞ்சாயத்துத் தலைவர் பெயிண்டரைக் கூட்டிக்கினு வந்தார். மத்த தெருவுக்கெல்லாம் சாமி பேரும் தலைவருங்க பேரும் வச்சு முடிச்சாச்சு. நம்ம தெருவுக்கு அவருக்கு ஒண்ணும் தோணலை. இந்தத் தெருவுல பொறந்த முதல் புள்ள நீ, என் இடுப்புல இருந்தே. குழந்தை பேர் இன்னாம்மான்னார். இன்னும் வைக்கலை, அத்தை வந்து காதுல சொன்னாத்தான் பேருன்னேன். உன் அத்தை வீட்டுல அம்மை போட்டிருந்ததால அவங்க வரலை, பேர் தள்ளிப் போயிக்கினே இருந்துச்சு. பெயிண்டர் பிரஷைத் தொட்டுக்கினு நிக்கறான். இப்போதைக்குப் பாப்பான்னு எழுதுடா, பேர் வச்சதும் மாத்திக்கலாம்னுட்டார் தலைவர்.

அப்புறம் அத்தை வந்தாங்க, ரத்னான்னு உன் காதுல மூணு தரம் சொன்னாங்க. பலகையை யாரும் மாத்தலை, வீட்டுல நாங்களும் பாப்பான்னு கூப்பிடறதை மாத்தலை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் பின்தெருப் பசங்க சும்மா விடலை. "இன்னா பாப்பா, பால் குடிச்சியா?"ன்னு தினம் கேட்டானுங்க. ரத்னா தெருன்னு எழுதணும்னு நீயே மனு எழுதி, அப்பா கையைப் பிடிச்சுக்கினு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனே. நாம பேரூராட்சி ஆகப்போறோம், ஆனதும் பார்க்கலாம்னு அனுப்பிட்டாங்க. பேரூராட்சி ஆச்சு, தெருவிளக்கு வந்துச்சு. மறுபடி போனே. நகராட்சி ஆகட்டும்னாங்க. நகராட்சியும் ஆச்சு. தண்ணி டேங்க் கட்டினாங்க, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினாங்க, நீ காலேஜ் முடிச்சே. சென்னையோட சேர்க்கப் போறாங்க, அப்புறம் எல்லாத்தையும் மொத்தமா மாத்துவாங்கன்னாங்க. சேர்த்தாங்க. நாம மெட்ராஸ்காரங்க ஆயிட்டோம்னு அப்பா லட்டு வாங்கியாந்தார். நீ மட்டும் மனுவோட நின்னே. வார்டு பிரிக்கறாங்க, பொறுங்கம்மான்னாங்க.

ரோடு மேல ரோடு போட்டு, ஏறிப் போன வீட்டுக்கு இப்போ இறங்கிப் போறோம். நாலு வீட்டுத் தெருவுல இப்போ பூரா அடுக்குமாடி. தி.நகர் ஆபீஸ்ல உன்கூட வேலை பார்த்தவங்க விலாசத்தைப் படிச்சுட்டு, இன்னும் பாப்பாவாவே இருக்கியேன்னு சிரிச்சாங்களாம். வந்து பையை எறிஞ்சே. உங்க ஊர் வளர்ந்துடுச்சும்மா, என்னை மட்டும் வளர விடமாட்டேங்குதுன்னே. அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம்கூட நீ விடலை. தலைக்குத் துணி கட்டிக்கினு, கார்ல சாஞ்சுக்கினே போன்ல மனு போட்டே. இப்போ போய் எதுக்குடின்னேன். வேற இன்னா வேலை எனக்குன்னே.

ஒரே ஒரு தடவைதான் நீ அந்தப் பேரை ஒத்துக்கினே. பெருவெள்ளம் வந்தப்போ பலகையே தண்ணிக்குள்ள போயிடுச்சு. படகுக்காரங்க பாப்பா தெரு எது, பாப்பா தெரு எதுன்னு கேட்டுக்கினே வந்தாங்க. நீ மொட்டை மாடியிலேருந்து கையை ஆட்டி, "இதாண்ணா, நான்தான் பாப்பா"ன்னு கத்தினே.

இப்போ கார்ப்பரேஷன்காரங்களே வந்துட்டாங்க. ஒரே மண்டலத்துல ஒரே பேர்ல ரெண்டு தெரு இருக்கக்கூடாதாம், ஆம்புலன்ஸ் தப்பிப் போவுதாம். நமக்கு வந்தது சரியாத்தான் வந்துச்சு. இன்னொரு பாப்பா தெரு நம்மளைவிடப் பழசாம், அதனால நாமதான் மாத்திக்கணுமாம்.

ஞாயித்துக்கிழமை தெருச் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. செயலாளர் இப்பவும் வஜீஹா வீட்டுக்காரர்தான், ஷாஹுல் ஹமீது பாய். நம்பர் போட்டுக்கலாம், இல்ல புதுப் பேர் வைக்கலாம்னார். மாடி வீட்டு கிச்சா மாமா ரோஜாத் தெருன்னு வைக்கலாம்னார். பாய், "மாமா, சாக்கடை மூடியை மாத்தச் சொல்லி ஒரு வருஷமாச்சு, ரோஜாவாம் ரோஜா"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திட்டாங்க. பாய் எழுந்து, ரத்னா தெருன்னு வைக்கலாம்னு நினைக்கறோம்க்கா, நீங்க சம்மதிச்சு கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவோம்னார். ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலை. அப்பாவைப் பார்த்தேன். காரியத்துக்கு அப்புறம் வெளி ஆளுங்க முன்னாடி அவர் வாயைத் திறந்தது அன்னிக்குத்தான்.

"அவ கேட்டதுதானே."

யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கே காரணம் தெரியலை.

வீட்டுப் படி இறங்கறப்போ சிலிண்டர் போடற பையன் போன் பண்ணினான். புது ஆள். எந்தத் தெரும்மான்னான். பாப்பா தெருன்னேன். சரியா கேக்கலைம்மான்னான். பாப்பா, பாப்பா தெருன்னேன். அவன் வச்சப்புறமும் போனைக் காதுல வச்சுக்கினு நின்னேன். வீட்டுக்குள்ள யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை இப்போ. ஆட்டோக்காரர், கூரியர், மருந்துக்கடை, இவங்க யாராவது கேட்டாத்தான் என் வாயில அது வருது. சில நாள், வேணாத மாத்திரைக்குக்கூட மருந்துக்கடைக்குப் போன் பண்ணியிருக்கேன். எதுக்குப் பண்றேன்னு அப்பதான் புரிஞ்சுது.

அப்பாகிட்ட இதைச் சொல்லலை. உன் மனு எல்லாத்தையும் நினைச்சுப் பார்த்தேன். கார்ல சாஞ்சுக்கினு நீ போன்ல எழுதினதையும் நினைச்சுப் பார்த்தேன். நேத்து பாய் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். வஜீஹா டீ குடுத்தா. குடிச்சேன். நல்லா இருந்துச்சான்னு தெரியலை.

பலகை ஆடி கழிஞ்சு வருமாம். நீல நிறத்துல, இருட்டுலயும் எழுத்து பளபளன்னு தெரியுமாம். பின்தெருப் பசங்க எல்லாம் தலை நரைச்சுப் போய்க் கிடக்கறானுங்க, அவனுங்களும் பார்க்கட்டும். நீ கேட்டது நடந்துடுச்சு. மனசுல குறை வச்சுக்காதே. வலி இல்லாம இரு, ஊசி இல்லாம இரு, நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா.

ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு. இனிமே யார் விலாசம் கேட்டாலும் ரத்னா தெருன்னு சொல்லிடுவேன், அது ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா பாப்பான்னு நான் யார்கிட்ட சொல்லுவேன், பாப்பா?