நல்லெண்ணெய் மாதா

ஜூன் 17, செவ்வாய்
தூறல். எழுதவே வெட்கம். ஆயில் பெயின்டிங் வகுப்புக்கு ஆயிலை நாமே கொண்டுவர வேண்டும் என்றார்கள். அரை லிட்டர் நல்லெண்ணெயோடு பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய் இறங்கினேன். மிஸ்ஸுக்கு என் மகள் வயது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.
"அக்கா, இது காயவே காயாதுக்கா. ஆளிவிதை எண்ணெய்தான் காயும்."
"செவ்வாக்கெழமதான மிஸ்ஸு, தலைக்குத் தேச்சி முழுவு" என்று கொடுத்தேன். வாங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி
மாதா, எதிரே இறக்கை வைத்த தூதர், நடுவில் வெள்ளைப் பூ. பல நூறு வருஷத்து வெளிநாட்டுப் படம். பார்த்து அப்படியே போடணும். பக்கத்து வீட்டு பிலோமினாவுக்கு. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஜூலை 20 கூடுவாஞ்சேரியில் புது வீடு போகிறாள். ஆடியில்! அதற்குள் முடியணும். அவளுக்குத் தெரியக்கூடாது.
வேண்டியது: நீலம், டர்பன்டைன், வீட்டுக்காரர் பனியன் (துடைக்க. அவரிடம் சொல்லவில்லை).

ஜூலை 5, சனி
காலை முழுக்க மாதாவின் முக்காடு. நீல மடிப்புக்குள் நானும் போய்விட்டேன். குழாயில் தண்ணீர் வந்து நின்றதே தெரியவில்லை.
வீட்டுக்காரர்: "இன்னாமே, மூக்கு பஜ்ஜி மாதிரி கீது?"
"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ மூக்க பாத்தியா நீ?" ஆள் காணோம்.
நிஜத்தில் அது பிலோ மூக்கு. மாற்ற மனசில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம். சர்ர்ர்.

ஜூலை 11, வெள்ளி
கண் மட்டும் பாக்கி. எங்கள் அம்மனுக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். குளித்து, நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் முக்காட்டுக்கு இன்னொரு கை நீலம். ஆளிவிதை எண்ணெய் தீர்ந்திருந்தது. நல்லெண்ணெய் ஒரு மூடி. ஒன்பது நாள் இருக்கே, காயாமலா போகும். பளபளவென்று வந்தது.
பிறகு கண். மாதா என்னைப் பார்த்தாள். 

ஜூலை 20, ஞாயிறு
கூடுவாஞ்சேரி. நல்ல காற்று. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பிலோ தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.
"அடியே அஞ்சல, இது மாதாவா, நானா?"
"மாதாதான். உனுக்கு ஏது அவ்ளோ அடக்கம்?"
அழுதாள். நானும்.
அவர்கள் வழக்கப்படி முக்காட்டைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து புருஷன், இரண்டு மகன்கள், மாமியார். ஜெபத்துக்கு வந்த ஃபாதரும்.
பிறகு எல்லாரும் நின்று போட்டோ எடுத்தோம். போட்டோவில் உதடு நீலமாக இல்லாதது எனக்கு மட்டும்.