ஆளில்லா ஹோலில் திரும்புகிற கமரா

என்னைக் கடைசிவரை 'பிள்ளை' என்றே கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நீ போய்விட்டாய் என்று அத்தான் பிரான்சிலிருந்து சொன்ன அன்று பின்னேரமும் நான் உன் வீட்டைத் திறக்கப் போனேன். சாவுத் துடக்கு என்பதால் விளக்கு ஏற்றவில்லை, கூட்டிவிட்டு மட்டும் வந்தேன். கதவைச் சாத்தும்போதுதான் கண்டேன். ஹோல் மூலையில் இருந்த, நீ அங்கிருந்து போனில் பார்க்கிற உன் கமரா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நீ செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. யார் அக்கா பார்த்தது?

நெடுங்கேணியில் நம் வளவில் இந்த வீட்டை நீ போனிலேயேதான் கட்டி முடித்தாய். குடிபூரலன்று பால் பொங்கும்போது போனைப் பானைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆவியில் உன் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. அதற்குப் பிறகும் நீ ஒரு நாள்கூட இங்கே வந்து படுக்கவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றாய்.

நீ ஏன் போனாய் என்று கேட்டால், காசுக்கு என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. எனக்கல்லவா தெரியும். சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த பிறகு அத்தானை விசாரித்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே நீ சோற்றுக் கோப்பையோடு எழும்பி நிற்பாய். அப்படி நின்றுகொண்டு எவ்வளவு காலம் சாப்பிட முடியும்? இப்போது போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே இருந்தால் ஒன்றுமே நடக்காது என்கிற பயம்தான் அவர்களுக்கு.

நம் ஒழுங்கையில் வீடெல்லாம் புதிசு, கேற்றெல்லாம் பூட்டு. ஆட்களைவிடக் கமராக்கள் கூட. பின்னேரம் நடந்து போனால் மதிலுக்கு மதில் ஒன்று திரும்புகிறது. லண்டன் பார்க்கிறதோ கனடா பார்க்கிறதோ, நான் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவேன்.

மற்றவர்களுடைய கமரா பார்க்க மட்டும் செய்யும். உன்னுடையது வாய் ஓயாது. அங்கே சாப்பாட்டுக்கடையில் வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும், "எடி பிள்ளை, அந்த மூலைக்கை சிலந்தி வலை கிடக்குது, கண் தெரியேல்லையோ?" என்று தொடங்கிவிடுவாய். கச்சான் கடலை விற்க வந்தவன் ஒருநாள் உன் குரலைக் கேட்டு, விறாந்தைக் கமராவைக் கும்பிட்டுவிட்டுப் போனான். செவ்வரத்தைச் செடியைத் தின்ன வரும் நம் சிவப்பி மாட்டை நீ அங்கிருந்தே 'சூ' என்று கலைப்பாய். நீ போன மறுநாளும் சிவப்பி வந்தது. இலையில் வாய் வைக்காமல் விறாந்தைப் பக்கம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் கலைக்காமலே திரும்பிப் போய்விட்டது.

ஹோல் கமராவை நான் வாசலைப் பார்க்கவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன். காலையில் திறந்தால் அது உன் அறைக் கதவைப் பார்த்தபடி நிற்கும். ஒவ்வொரு நாளும் இதே கூத்து. அதைச் சுவரில் பொருத்தித் தந்த கடைத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"போனிலை ஆரும் திருப்பினால் திரும்பும், அக்கா. இல்லாட்டி முன்னுக்கு ஆரும் அசைஞ்சால் திரும்பும்."

"பூட்டின வீட்டுக்கை ஆர் தம்பி அசையிறது?"

அவன் உன் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தான். "பிறகு வாறன்" என்று தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான்.

அதற்குள் அத்தான் அழுத குரலோடு போன் எடுத்தார். "வசந்தி, அவ இல்லாமல் இனி அந்த வீடு என்னத்துக்கு? வாங்க ஆள் இருந்தால் கேட்டுப்பாரும்." உன்னை அங்கேயே எரித்து, சாம்பலையும் அங்கேயே கரைத்துவிட்டால், நீ வருவதற்கென்று மிஞ்சுவது இந்த வீடு ஒன்றுதான். அதையும் விற்றால் எங்கே வந்து இறங்குவாய்? இவ்வளவு தூரம் வழி தெரியுமா உனக்கு?

எட்டாம் நாள் வந்தது. அங்கே உன்னை எரிக்க இன்னும் நாள் கிடைக்கவில்லை, நீ குளிர் அறையில் கிடந்தாய். எரிக்காத ஆளுக்கு எட்டுப் படைக்கலாமா என்று இங்கே ஒரே சண்டை. "உயிர் போன நாள்தான் கணக்கு" என்றார் பெரியப்பா. "எரிச்ச நாளிலையிருந்துதான் எண்ண வேணும்" என்று மாமி விடவில்லை. "பசியோடை நிக்கிறவளுக்கு என்ன கணக்கு?" என்று சொல்லிவிட்டு நான் உலையை வைத்தேன்.

உன் ஹோலில் தலைவாழை இலை போட்டு, குளத்து மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் உளுந்து வடையும் படைத்தோம். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் காத்திருந்தோம். அப்போது உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது.

"பிள்ளை, தண்ணி வைக்கேல்லை."

மாமி கும்பிட்ட கையை எடுக்கவேயில்லை. பெரியப்பா செருப்பையும் விட்டுவிட்டுக் கேற்றடிக்குப் போய்விட்டார். நான் கதவைத் திறந்தேன். உண்மைதான் அக்கா. சண்டை பிடித்த அவசரத்தில், மற்றவர் வைத்திருப்பார் என்று ஆளுக்காள் நினைத்து, இலையடியில் தண்ணீர்ச் செம்பு வைக்காமல் விட்டிருந்தோம். கமரா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்பைக் கொண்டுபோய் வைக்கும்போது எனக்குப் பயம்தான், ஆனால் சந்தோஷமும்தான். நீ வந்து சேர்ந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

மறுநாள் இவர், என் மனுசன், பிடிவாதமாக நின்றார். "உந்தக் கமராவைப் பிடுங்கி எறி. இல்லாட்டி நான் எறியிறன்." இவர் எறிந்தால் சுவரோடு வரும் என்று நானே கதிரையில் ஏறினேன். வயரில் கை வைத்ததும் கமரா என் முகத்துக்கு நேரே திரும்பியது.

"பிடுங்காதை, பிள்ளை."

உன் குரல்தான். பிறகு அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். செத்தவர்கள் மூக்கை உறிஞ்சுவார்களா?

"ஆர்?" என்றேன்.

"நான்... ஆரணி."

உன் மகள், அக்கா. அங்கேயே பிறந்தவள். போனில் நாங்கள் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுகிறவள். நீ கமராவோடு கதைப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் தமிழ் பழகியிருக்கிறாள். அதனால் அவள் வாயில் இருப்பதெல்லாம் உன் சொல், உன் குரல், நீ என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயர். நம் அம்மாவின் திவசத்துக்கு அங்கே நீ படைக்கும்போது தண்ணீர் வைக்கிற வேலை எப்போதும் அவளுக்குத்தானாம். இலையடியில் செம்பைக் காணாமல் பொறுக்கமுடியவில்லையாம்.

எனக்கு அழுகை முட்டியது. ஆரணியை நினைத்து என்று சொல்ல ஆசைதான். ஆனால் வந்தது நீ இல்லை என்பதற்காகவும் அழுதேன். "எப்ப தொடக்கம் பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"எட்டுப் படைச்ச அண்டைக்குத்தான் அம்மாட போனுக்குச் சார்ஜ் போட்டனான். அதுக்கு முதல் ஆஸ்பத்திரிப் பையுக்கை நிண்டுபோய்க் கிடந்தது." பிறகு அவளே கேட்டாள். "பிள்ளை, நீங்க கதவைப் பூட்டிப் போனாப் பிறகும் கமரா தானாத் திரும்புது. அம்மாட அறையைப் பார்க்குது. அங்க ஆர் இருக்கினம்?"

ஒருவருமில்லை என்று சொல்லியிருக்கலாம். "அம்மா" என்றேன்.

பயந்து போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு, நீ ஒரு காரியத்தை முடிவெடுத்தால் கதைக்கிற அதே குரலில் சொன்னாள்: "அப்ப விக்கக் கூடாது. நான் அப்பாட்டைச் சொல்லுறன். லீவுக்கு வாறன். அம்மாட அறையிலைதான் படுப்பன்."

உன்னை எரித்து முடித்த கையோடு அத்தான் போன் எடுத்தார். மகள் வந்து பார்க்கும்வரை விற்கிற கதை இல்லையாம். பிறகு அவள் சொல்வதுதானாம்.

இன்று உன் அறையைத் திறந்தேன். நீ கட்டிலுக்கென்று வாங்குவித்துப் படுக்காமலே விட்ட மெத்தையின் பொலித்தீனைக் கிழித்து விரிப்பை விரித்தேன். சுவர்ப் பக்கம் நல்ல இறுக்கம். வாசல் பக்கம் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கியிருக்கிறது. தடவிப் பார்த்துவிட்டு, விரிப்பைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

இனி அந்த வயரில் கை வைக்கமாட்டேன், அக்கா. செம்பில் தினமும் தண்ணீர் வைப்பேன். இது நான் உனக்குத் தருகிற சத்தியம். பதிலுக்கு நீயும் ஒன்று செய். ஆரணி இருட்டுக்குப் பயந்தவள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவள் வந்து படுக்கும்போது பயப்படுத்தாதே. கொஞ்சம் தள்ளிப் படு.

உன் ஒரே தங்கச்சி,
பிள்ளை