ரைபிளுக்குள் சந்தனம்

வசு,

ரிப்பேருக்கு அனுப்பிய புது ரைபிளுக்கு வாரண்டி செல்லாதாம். உள்ளே ஏதோ மஞ்சள் பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கிறது, அது என்னவென்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். சந்தனம், ஆயுத பூஜை என்றேன். அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்?

போட்டோ அனுப்பியிருக்கிறாள். காருக்கும் லேப்டாப்புக்கும் வெளியே ஒரு பொட்டு வைத்த நீ, இதற்கு மட்டும் உள்ளே அள்ளி அப்பியிருக்கிறாய். மறுநாளே மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சிக்கு பிளைட் ஏறினாய். ஏறும்போது, "நான் கூப்பிட்டா உடனே போனை எடுங்க, சரியா?" என்றாய்.

வேட்டைக்கு என்று சொல்லி ரைபிள் வாங்கிய நான் அதற்கு லைசென்ஸே வாங்கவில்லை என்பது உனக்கு எப்போது தெரிந்தது?

இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து காபி போட்டுவிட்டேன். குடிக்கவில்லை. வேலை போனதிலிருந்து இப்படித்தான், உனக்குத் தெரியும்.

எங்கே, எதைக் குறிபார்த்தபோது சுடவில்லை என்று வாரண்டி ஃபார்மில் ஒரு கேள்வி. கராஜ் என்று எழுதினேன். மற்றதை எழுதவில்லை.

க்ளீன் பண்ணி அனுப்பட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பாதே. நீயும் வா.

உன் வீட்டுக்காரன்