உன் ஆசனத்தின் உயரம்

எதிர்காற்றில் எப்போதும் எனக்கு முன்னால் போன அண்ணாவுக்கு,

கட்டுகஸ்தோட்டை வீட்டில் முக்கியமான தீர்மானம் ஒன்று நிறைவேறியதை உனக்கு அறியத்தருகிறேன். உன் பந்தய சைக்கிளின் ஆசனத்தை ஒரு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளுவது. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவனே. எதிர்ப்பு இருக்கவில்லை.

நீ போனதிலிருந்து அந்தச் சைக்கிள் முன்னறையில் உன் படத்துக்குக் கீழே நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் படத்துக்குப் பொட்டு வைத்த கையோடு அம்மா ஆசனத்தின் மூக்கிலும் சந்தனம் வைப்பார். ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் மோதுகிற பந்தயத்துக்கென நீ அமைத்த சைக்கிள் அது. அடுத்த மாதம் அதில் நான் ஓடப்போகிறேன்.

போட்டிச் சட்டம் உனக்குத் தெரியும். மிதிகட்டை சுழலும் மையத்துக்கு மேலே தூக்குநூல் பிடித்தால், ஆசனத்தின் மூக்கு அதற்கு ஐந்து சென்ரிமீற்றராவது பின்னால் இருக்க வேண்டும். காலுறையும் கெண்டைக்காலின் பாதியைத் தாண்டக் கூடாது. கடுகண்ணாவை வளைவில் பஸ்ஸை பஸ் முந்துகிற நாட்டில் காலுறைக்காவது கண்காணிப்பு இருப்பது ஆறுதல்தான்.

நீ வைத்திருந்த நிலையில் சட்டத்துக்குக் குறையே இல்லை. குறை என் கால்களில். உன்னுடையதைவிடக் குட்டை. ஆசனத்தை எனக்காக இறக்கினால், சரிந்த குழாய் வழியே அது முன்னாலும் வந்து சட்டத்தை மீறுகிறது. அதனால்தான் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னேன்.

திகனயில், நீ சொன்னபடி பாகம் பாகமாகச் சைக்கிள் பூட்டித் தந்த ரியாஸ் நானாவிடமே கொண்டுபோனேன். சந்தனத்தைப் பார்த்துவிட்டு அவர் கை வைக்கவில்லை. துணியை என்னிடம் நீட்டினார். நான் துடைத்தேன். ஆசனக் கம்பி ஓரளவுக்கு மேல் இறங்கவில்லை.

“அடில முட்டுது தம்பி. வெட்டத்தான் வேணும்.”

“வெட்டுங்க நானா.”

“வெட்டினா பொறகு ஒட்டேலா. உம்மாக்கிட்ட சென்னீங்களா?”

“சொன்னேன்” என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

“என்னடா, சீட்டு கீழ எறங்கிக் கெடக்கு?”

“போட்டிச் சட்டம் அப்படிம்மா.”

“பின்னால தள்ளணும்னுதானே சொன்ன? சட்டம் ஒசரத்தையுமா கொறைக்கச் சொல்லுச்சு?”

நான் குனிந்து டயரில் காற்றை அமுக்கிப் பார்த்தேன்.

“அவன் காலு எவ்வளவு நீளம்னு இனி எதைப் பாத்துடா தெரிஞ்சுக்கிறது?”

பதில் உன்னிடம் இருக்கிறதா, அண்ணா? அந்தச் சைக்கிளில்தான் உன் உடம்பின் அளவு மிஞ்சியிருந்தது. முழங்கை வைக்கும் இடம் உன் கையின் நீளம். ஆசனம் உன் காலின் நீளம். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. திருகாணியைக் கழற்றும்போதே தெரிந்துதான் இருந்தது.

அக்கம்பக்கத்தில் உன் நினைவாக ஓடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோரும் கண்கலங்குகிறார்கள். உண்மையில் எனக்கு ஆசை, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை திகன வீதியின் சமதரையில் முழங்கையை ஊன்றித் தலையைத் தாழ்த்தினேன். காற்று இரண்டு பக்கமும் விலகிப்போனது. அந்த நேரம் முழுக்க உன்னை நினைக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு யாரிடம் சொல்வது?

பந்தயம் முடிந்தாலும் சைக்கிளை விற்க மாட்டேன், யாருக்கும் இரவல் தர மாட்டேன். அம்மாவிடம் இனிமேல் சட்டத்தைச் சாட்சிக்கு இழுக்கவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்று காலை அம்மா அலுமாரியிலிருந்து உன் நீளக் காற்சட்டை ஒன்றை எடுத்து, உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.

உன் தம்பி