பதினோரு நாள் வைத்திருந்த குஞ்சு

மனிடோபா, ஜூன் 19

அன்புள்ள ரெமிக்கு,

உன் ஷனின் அத்தை போனில் சொன்னது தவறு. என்னைப் போலீஸ் பிடிக்கவில்லை. யாரும் வீடு புகுந்து எதையும் பறித்துக்கொண்டு போகவுமில்லை. வனவிலங்கு அதிகாரியை நானேதான் கூப்பிட்டேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நீயும் ஹெலனும் குழந்தையும் பெர்த்தில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.

மே கடைசியில் ஒரு மழைநாள் காலை, தபால்பெட்டிக்குக் கீழே ஒரு காட்டுவாத்துக் குஞ்சு நின்றுகொண்டிருந்தது. பொரித்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. தாயும் மற்றவையும் ஏரிக்குப் போய்விட்டிருந்தன. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. வலசை போகும் பறவையைத் தொடக்கூடாது, முட்டையைக்கூட எடுக்கக்கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு நாளும் வீட்டில் வைக்கக்கூடாது, இரண்டு தேசங்கள் சேர்ந்து கையெழுத்திட்ட சட்டம் இது என்று உன் அப்பா வனவிலங்கு அதிகாரியாக முப்பது வருடம் ஊருக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். கூப்பிட வேண்டிய எண் அவர் கையெழுத்திலேயே அடுக்களைச் சுவரில் இன்னும் இருக்கிறது. மழை விட்டதும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மழை அன்று மதியமே விட்டுவிட்டது.

குஞ்சு உன் அப்பாவின் குளிர்காலத் தொப்பிக்குள் தூங்கியது. நான் பாத்திரம் கழுவும்போது என் செருப்பின்மேல் ஏறி நின்றுகொள்ளும். அடுத்த அறைக்குப் போனால் போதும், மெல்லிய குரலில் விடாமல் கூப்பிடும், திரும்பி வந்தால்தான் ஓயும். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் யாரும் என்னைத் தேடியதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினோராம் நாள் ஷனின் வந்தாள். குளியல்தொட்டியில் அது நீந்துவதைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷமா ஊரையே சட்டம் பேசி மிரட்டினீங்களே அண்ணி, இப்ப நீங்களே தொட்டியில வச்சு வளக்கறீங்களா என்று சிரித்தாள். செல்போனில் படமும் எடுத்துக்கொண்டாள். அவள் கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டேன்.

வந்த அதிகாரியின் பெயர் கோர்மியே, உன் அப்பாவிடம் வேலை பழகியவர். அபராதச் சீட்டு எழுதுங்கள் என்று நானே சொன்னேன். இந்த வாசல்ல நின்னு உங்களுக்கு நான் சீட்டு எழுதினா சார் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என் சட்டையைப் பிடிப்பாரு மேடம் என்றார். சார் இருந்திருந்தால் முதலில் சீட்டை எழுதிவிட்டுத்தான் என் பெயரையே கேட்டிருப்பார் என்றேன். அவர் எழுதவே இல்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு அவர், முதல் நாளே சொல்லியிருந்தா ஏரியில ஏதாவது ஒரு குடும்பத்தோட விட்டிருக்கலாம் மேடம், அதுங்க எண்ணிப் பாக்கறதில்ல, அதே அளவு குஞ்சா இருந்தா சேத்துக்கும், இப்ப இது தன்னை வாத்துன்னே நினைக்கலையே என்றார். ஆனாலும் முயன்று பார்த்தார். நானும் கூடப் போனேன். காரைவிட்டு இறங்கக்கூடாது, குரல் காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். அது கரையில் நின்று, அடுத்த அறைக்குப் போனால் கூப்பிடுமே, அதே குரலில் கூப்பிட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் மற்றவற்றின் பின்னால் தண்ணீரில் இறங்கியது.

நாலாம் நாள் கோர்மியே தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். ஏரிச் சாலையில் ஏதோ வண்டி அடித்துவிட்டதாம். ஏரிக்கும் நம் வீட்டுக்கும் நடுவே, பாதிக்குமேல் கடந்து வந்திருந்தது. இறகே முளைக்காதது, நடந்தேதான் வந்திருக்க வேண்டும். அது வேற குஞ்சா இருக்கும் மேடம் என்றார். நல்ல பிள்ளை. நம் வீட்டுக்கு நடந்து வர வேறு எந்தக் குஞ்சுக்குக் காரணம் இருக்கிறது?

உனக்கு எட்டு வயதில் சாப்பாட்டு டப்பாவில் இதுபோல் ஒரு குஞ்சைக் கொண்டு வந்தாயே, அதை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். ஒரே ஒரு ராத்திரிம்மா என்று கெஞ்சினாய். அதிகாரியின் மகனுக்கும் அதே சட்டம்தான் என்று சொல்லி உன் கையிலிருந்து வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். நீ ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. அவர் அதை அன்று மாலையே ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டார். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒன்பது குஞ்சுகளில் எது உன்னுடையது என்று அவருக்கே தெரியவில்லை. இதை உன்னிடம் நாங்கள் சொன்னதே இல்லை, அழுததற்கு வெகுமதி கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். நான் செய்தது சரி. உன்னுடையது பிழைத்தது, என்னுடையது செத்தது. ஆனால் உன் அப்பா வரும்வரையாவது அது உன் கையில் இருந்திருக்கலாம். எட்டு வயதில் உன்னைச் செய்ய வைத்ததை எழுபத்தொன்பது வயதில் என்னால் செய்ய முடியவில்லை.

உங்கள் மூவரையும் ஆண்டவர் காக்கட்டும். குழந்தையை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே.

அன்று படியில் நின்று, அதுக்குப் பேர் வச்சிருக்கேன் என்றாய். காட்டுப் பறவைக்குப் பெயர் கிடையாது என்று வாயை அடைத்தேன். நானும் என்னுடையதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். நீ வைத்த பெயர் என்ன என்று எழுது. போனில் வேண்டாம், கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. கடிதமாக எழுது.

உன் அம்மா,
மார்செலின்