பார்க்காத பின்னறை

ஜூன் 3, செவ்வாய்
தையல்கார அக்கா வீட்டு வேலை முடிந்தது. ஒரு வாரமாக முன்னறை விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்ததாம். எனக்கு முன்னால் போன எலக்ட்ரீஷியன், "வீடு பூரா ஒயர் மாத்தணும், சுவரெல்லாம் உடைக்கணும்" என்று பயமுறுத்தியிருக்கிறார். ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் ஒரே ஒரு இணைப்பு தளர்ந்து கருகியிருந்தது. முக்கால் மணி நேர வேலை. "ஊரை ஏமாத்துறவரு, அக்கா. உங்க ஒயரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து அறையும் சோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 5
பின்னறையை நான் சோதிக்கவே இல்லை.
பாத்திரம் கழுவும்போது உறைத்தது. அங்கே அக்காவின் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. அதன் பம்ப் ராப்பகலாக ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால்தான் ஒயரின் உறையைச் சோதிக்க முடியும். பெரியவர் அயர்ந்து தூங்கினார். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை, கையெழுத்து மட்டும் வந்துவிட்டது.
நான்கு அறை நன்றாக இருந்தால் ஐந்தாவதும் நன்றாகத்தானே இருக்கும்?
இருக்கணும்னு எவன் சொன்னான்?

ஜூன் 6
இரண்டு வேலை. இரண்டிலும் மனசில்லை. போன் அடித்தபோதெல்லாம் அக்காதானோ என்று பதறினேன்.

ஜூன் 7
கணவரிடம் சொன்னேன். எதற்கும் சமாதானம் சொல்லிவிடுகிற மனிதர், இன்று சொல்லவில்லை. "போய்ச் சொல்லிடு. திட்டுவாங்க, அவ்வளவுதானே?"
அவ்வளவுதானா? அடுத்தவரை ஏமாத்துறவர் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஜூன் 8
போனேன். உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "பின்னறையச் சோதிக்கலக்கா. சோதிச்சதா எழுதிட்டேன்."
அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அந்தாளு காசுக்காகப் பொய் சொன்னாருன்னு சொன்னே. நீ எதுக்கும்மா சொன்னே?"
"நல்ல பேரு வாங்கத்தான்."
அக்கா எழுந்து பின்னறைக்கு நடந்தார். பிறகு, "சரி, கட்டிலை அந்தப் பக்கம் பிடி" என்றார். இருவருமாகப் பெரியவரைக் கட்டிலோடு முன்னறைக்கு உருட்டினோம். பம்பை அங்கே மாட்டினோம். பின்னறை லைனை மட்டும் நிறுத்திவிட்டுச் சோதித்தேன். கருவி காட்டிய எண், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பம்ப் மாட்டியிருந்த ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் — ஒயரின் உறை தொட்டாலே உதிர்கிறது, உள்ளே கம்பி பளிச்சென்று. மெத்தைக்கு ஒரு முழம் மேலே.
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளில் ஒன்றும் நடக்கவில்லை. கடவுளே, ஒன்றும் நடக்கல. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார் — எனக்கு!
மற்ற நான்கு அறைகளையும் மறுபடி சோதித்தேன். நிஜமாகவே கல்லுதான். பின்னறைக்கு மட்டும் புது ஒயர் போட்டால் போதும்; அதுவரை பெரியவர் முன்னறையில். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் அக்காவுக்குக் காட்டினேன்.

ஜூன் 9
அந்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். "நான் உங்களத் தப்பாப் பேசிட்டேன். நீங்க சொன்னதுல அஞ்சுல ஒரு பங்கு நிஜம்."
"அஞ்சுல ஒண்ணா? எங்க வீட்ல அதுகூட ஒத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தார். நானும்தான். எத்தனை நாளாயிற்று!

ஜூன் 12
பின்னறை வேலை முடிந்தது. கட்டிலைத் திரும்ப உருட்டப் போனால், பெரியவர் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷமா அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். இங்க தெரு தெரியுது. இங்கயே இருக்கேனே."
அக்கா என்னை முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டு, முன்னறையிலிருந்த தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.
பின்னறையில் கொண்டுபோய் வைத்து ஸ்விட்சைப் போட்டேன், அக்கா மிதித்தார். மெஷின் கடகடவென்று ஓடியது.