நாலு மூலை மஞ்சள்

அதுக்கில்ல மதினி, அந்தப் புள்ள சொன்ன பதிலக் கேட்டிருந்தா நீயே சிரிச்சிருப்ப. என் தம்பி மக இன்னைக்குக் காலையில தமிழ்ப் பாட புஸ்தகத்தக் கணீர்னு வாசிச்சா. முருகன் புண்ணியத்துல நாக்கு நல்லாப் புரளுது. கதையில ஒரு அப்பன், மக கேட்ட பொம்மைய வாங்காம, பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள வரான். "ஏண்டி பின்வாசல்ல வந்தான்?"னு கேட்டேன். "அது புஸ்தகத்துல இல்ல அத்தை"ங்கிறா!

புஸ்தகத்த மூடக்கூட விடல, உன் ஞாபகம் வந்திருச்சு. அ, ஆ தெரியாத நீ கேக்குற கேள்வி அது.

கடல் தாண்டி வந்து நாம இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகள்ல அப்ப எழுத்துத் தெரிஞ்ச பொம்பள நான் ஒருத்திதான். தபால்காரரு ஊர்க் கடுதாசி அத்தனையும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போவாரு. குழாயடியில நான் வாசிப்பேன், எல்லாரும் கேப்பீங்க. எனக்குக் கொஞ்சம் கர்வந்தான், சாமி மன்னிக்கட்டும்.

அன்னைக்கு அடுத்த வீட்டுத் தங்கம்மாவுக்கு அவ தம்பி எழுதியிருந்தான். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருந்துச்சு. "மஞ்சக் கடுதாசிடி, நல்ல சேதிதான்"னு சொல்லிட்டுத்தான் பிரிச்சேன். எல்லாரும் சுகம், அம்மாவும் சுகம், மழை பரவாயில்ல, கைப்புள்ளைய வச்சிக்கிட்டு நீ கப்பல்ல அலைய வேண்டாம். அவ்வளவுதான். தங்கம்மா கும்பிட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

நீ குடத்த இறக்கி வச்ச. "இன்னொருக்கா வாசி."

"அஞ்சாங் கிளாசு படிச்சவ நானா நீயா?"

"நீதான் தாயி. அதான் வாசிக்கச் சொல்றேன்."

குழாயடியே சிரிச்சுது. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இருந்தாலும் வாசிச்சேன்.

"கல்யாணமா, காதுகுத்தா, ஒண்ணுமில்லையே. அப்புறம் மஞ்சள் எதுக்கு? வரேன்னு இவ எழுதவே இல்ல, வராதன்னு ஏன் சொல்றான்? தங்கம், உங்கம்மா எப்பவும் ஏதாச்சும் கேக்குமே. புள்ளைக்குப் பல்லு வந்துச்சா, அங்க முருங்கக்கீர கிடைக்குதான்னு. இதுல ஒரு கேள்விகூட இல்லையேடி."

தங்கம்மா மொகம் வெளுத்துப் போச்சு. "அக்கா, எங்கம்மாவுக்கு..."

"உசுரோட இருக்கு. இல்லைன்னா கருப்பு தடவியிருப்பான். ஆனா கேள்வி கேக்குற நெலமையில இல்ல. கிளம்பு."

நான் விடல. "வாசிச்சவ நான் சொல்றேன், சுகம்னு எழுதியிருக்கு. கைப்புள்ளக்காரிய கப்பல்ல அனுப்பி, நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"நானே சொல்றேன்"ன்ன.

அந்த வாரமே கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்துல கப்பலேறிட்டா. அவ போன நாள்லேருந்து உனக்குச் சோறு எறங்கல. நான் ஒம் பேருக்கும் சேத்து வெள்ளிக்கிழம விளக்குப் போட்டேன், உனக்குத் தெரியாது.

அப்புறம் நாகப்பட்டணத்துலேருந்து தங்கம்மா சொல்லி எழுதின கடுதாசி வந்துச்சு. கை காலு விழுந்து, வாயும் கோணிக் கிடந்திருக்கு அம்மா. மக கொரலக் கேட்டதும் கண்ணத் தொறந்துச்சாம். பத்தொம்பது நாளு தங்கம்மா கையால கஞ்சி குடிச்சிட்டுப் போய்ச் சேந்துச்சாம். புள்ளக்காரி பயப்படக் கூடாதுன்னுதான் தம்பி மஞ்சளத் தடவியிருக்கான், பாவம்.

"எப்படி மதினி கண்டுபிடிச்ச?"ன்னு அன்னைக்குக் கேட்டேன். "வருசக்கணக்கா அந்தம்மா பேச்சக் கேக்குறேன், நேர்ல பாக்காட்டி என்ன?"ன்ன. அவ்வளவுதானா? இன்னும் எனக்கு வெளங்கல. ஆனா இப்பல்லாம் எந்தக் கடுதாசியானாலும் ரெண்டு தரம் வாசிக்கிறேன். ரெண்டாந்தரம், யாரு பேரு விட்டுப்போச்சு, எத வேணாம்னு வலிய சொல்றாங்கன்னு பாக்குறேன். இன்னைக்கு அந்தப் புள்ளையவும் ரெண்டாந்தரம் வாசிக்க வச்சேன். "கையில பொம்ம இல்லல்ல, அதான் வெக்கம் அத்தை"ன்னா.

அய்யய்யோ மதினி, இது இப்பத்தான் நெனப்புக்கு வருது. நாகப்பட்டணத்துலேருந்து வந்த அந்தக் கடுதாசியில, கவரு மேல இருந்தது உன் பேரு. எல்லாருக்கும் சேத்துத்தானேன்னு நானே கிழிச்சு, உள்ள இருந்தத மட்டும் வாசிச்சேன். உனக்குக் கடுதாசி வந்திருக்குன்னு நான் சொல்லவே இல்ல.